இருப்புப்பாதையும் பெயர்களும்

உடையார்பாளையத்தினின்று புறப்பட்டுச் சென்னைப் பெரம்பூரில் 2002இல் திறக்கப்பெற்ற வட்டார இரயில் அருங்காட்சியகத்தைக் கண்டோம். பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் ஆங்குப் பேணப்பெறுகின்றன. அவற்றைக் கண்டபோது எம் நினைவு அண்டையூராகிய அரியலூரையே நாடியது. 1956 நவம்பர் 23 வைகறையில், மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே கரையை அரித்தமையால், தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாத்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். யாம் பயின்ற நூல்கள் அத்துறவை விரித்துரைக்கின்றன. மாண்டோரையோ தொகையாக மட்டுமே சுட்டுகின்றன. வீழ்ந்த மறவர்க்குப் பெயர் பொறித்து நடுகல் நாட்டியது தமிழர் மரபு. ஆதலின், வட்டார வரலாறு எழுதப் புகுவோர் அப்பயணிகளின் பெயர்களை ஊர்தோறும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். எஞ்சினைக் காப்பது போன்றே பெயரைக் காப்பதும் வரலாற்றுக் கடனாகும்.