கம்பெனி இல்லாத ஊரில் ஒரு முதல் ஆல்பம்

மத்திய ரயில் பாதையில் மும்பை முடியும் இடம் முலுண்ட். அடுத்த நிலையம் தாணே. தொண்ணூறுகளில் முலுண்டில் வளர்ந்த ஒரு கல்லூரி மாணவர் கனமான ராக் இசையை நேரில் கேட்க ஆசைப்பட்டால், ஸ்லோ லோக்கல் பிடித்து வி.டி. ரயில் நிலையம் வரை போயாக வேண்டும். அங்கிருந்து தோபி தலாவ், ரங் பவன் திறந்தவெளி அரங்கம். 1986இல் தொடங்கிய ‘இன்டிபென்டன்ஸ் ராக்’ விழாவுக்கு ஊரெங்கும் பெயர் வாங்கிக்கொடுத்த மேடை அது. டிசம்பரில் மட்டும் பயணம் குறையும். பவாய் ஐ.ஐ.டி.யின் ‘மூட் இண்டிகோ’ விழாவில் ‘லைவ்வயர்’ என்ற ராக் போட்டி சில நிலையங்கள் தள்ளியே நடக்கும்.

கேட்க இடம் இருந்தது. பதிவு செய்து வெளியிடத்தான் வழியில்லை.

அந்தக் கனமான ராக்கின் தீவிர வடிவமான டெத் மெட்டல் அப்போது உலகத்துக்கே இளம் இசை. கலிபோர்னியாவின் ‘பொஸஸ்டு’ 1985இல் ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. ஃபுளோரிடாவின் ‘டெத்’ 1987இல் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ வெளியிட்டது. தாழ்த்திச் சுருதி கூட்டிய கிட்டார், இடைவெளியே தராத டிரம், அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல் என்று இதன் இலக்கணம் விரைவில் உறுதிப்பட்டது. ஆனால் ஃபுளோரிடா இளைஞர்களுக்கு இந்த இசையைப் பதிவு செய்யத் தெரிந்த ஸ்டூடியோ டாம்பா நகரிலேயே இருந்தது. அதன் பெயர் மோரிசவுண்ட். வாங்கி விற்க இசை நிறுவனங்களும் இருந்தன. சினிமாப் பாட்டும் பாப் ஆல்பமும் விற்ற மும்பையில் இரண்டுமே இல்லை.

இந்த வெறுமையில்தான் 2000ஆம் ஆண்டு சாஹில் மகிஜா என்ற இளைஞர் ‘டீமனிக் ரெசரக்‌ஷன்’ குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு, நிறுவனம் எதையும் நம்பாமல், ‘டீமன்ஸ்டீலர்’ என்ற முதல் ஆல்பம் வெளிவந்தது. அதுவே அவருடைய மேடைப்பெயரும்கூட. டெத் மெட்டலையும் அதற்கு நெருங்கிய உறவான பிளாக் மெட்டலையும் கலந்த தங்கள் பாணியைக் குழுவினர் ‘டீமனிக் மெட்டல்’ என்றே அழைத்தார்கள்.

அடுத்த முழு ஆல்பம் ‘எ டார்க்னஸ் டிசெண்ட்ஸ்’ வர ஐந்து ஆண்டுகள் ஆயின. இந்தக் கதையின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. இல்லாதவற்றை மகிஜா ஒவ்வொன்றாக உண்டாக்கினார். டீமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம் பிறந்தது. ‘ரெசரக்‌ஷன்’ என்ற பெயரில் அவர் நடத்திய நிகழ்ச்சிகளில் மற்றக் குழுக்களுக்கும் மேடை கிடைத்தது. ரங் பவன் அமைதி மண்டலத்துக்குள் வந்து இசை நின்றுபோன அந்தக் காலத்தில், ஜுஹுவின் ‘ராஸ்பெரி ரைனோசரஸ்’ போன்ற சிறிய இடங்களே மெட்டல் ரசிகர்களைத் தாங்கின.

உழைப்பு வீண்போகவில்லை. 2010இல் ‘தி ரிட்டர்ன் டு டார்க்னஸ்’ ஆல்பத்தை பிரிட்டனின் கேண்டில்லைட் ரெக்கார்ட்ஸ் உலகெங்கும் கொண்டுசென்றது. அதே ஆண்டு ‘மெட்டல் ஹாமர்’ இதழின் கோல்டன் காட்ஸ் விருதுகளில் ‘குளோபல் மெட்டல்’ விருதும் இந்தக் குழுவுக்கே வந்தது. 2014இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். 2017இல் வந்த ‘தசாவதாரம்’ ஆல்பத்தில் மச்சம் தொடங்கிக் கல்கி வரை அவதாரத்துக்கு ஒரு பாடல். அயல்நாட்டு இசை இந்த மண்ணின் கதையைச் சொல்லப் பழகியிருந்தது.

பின்னால் வந்தவர்களுக்குப் பாதை சற்றே அகலமானது.  2013இல் இதே நகரத்தின் ‘கட்ஸ்லிட்’ குழுவின் முதல் ஆல்பமான ‘ஸ்க்யூவர்டு இன் தி சூவர்’ தயாரானபோது, அதை வெளியிட மும்பையிலேயே ‘டிரான்ஸெண்டிங் அப்ஸ்க்யூரிட்டி’ என்ற நிறுவனம் இருந்தது. 2000க்கும் 2013க்கும் இடையே நகரம் அடைந்த மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் தடயங்கள் வேகமாக அழிகின்றன. ராஸ்பெரி ரைனோசரஸ் இன்று இல்லை. காலா கோடாவில் பல தலைமுறைகள் படியேறிய ரிதம் ஹவுஸ் இசைக்கடை 2016இல் மூடப்பட்டது. ‘டீமன்ஸ்டீலர்’ போன்ற ஆல்பங்களின் முதல் பிரதிகளும், கையால் ஒட்டிய சுவரொட்டிகளும், நிகழ்ச்சிப் பதிவுகளும் இன்னும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. மும்பையின் பல்கலைக்கழகங்கள், அவற்றை வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே சேகரிக்கத் தொடங்க வேண்டும்.