ஈயமழையும் நீர்ப்பறவையும்: பழந்துப்பாக்கிக்கு உகந்த ரவையைத் தேடிய வரலாறு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ரெட்கிளிஃப் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தை ஆங்கிலக் கவிதை பயின்றோர் அறிவர். இளமையிலேயே மறைந்த கவிஞன் தாமஸ் சாட்டர்டன் (1752–1770) பிறந்து வளர்ந்தது அவ்வாலயத்தின் நிழலில்தான். கோல்ரிட்ஜும் சதேயும் 1795ஆம் ஆண்டில் தத்தம் திருமணத்தை நடத்தியதும் அங்கேதான். அந்த ஆலயத்திற்கு அருகில் வாழ்ந்த வில்லியம் வாட்ஸ் என்னும் ஈயவேலைக்காரரை இலக்கிய வரலாறு அறியாது. ஆனால் உலகின் ஏரிகளும் சதுப்புநிலங்களும் அவரை நன்கு அறியும்.

உருகிய ஈயம் மழைத்துளிகளாக வானிலிருந்து பொழிவதை வாட்ஸ் கனவில் கண்டார் என்றும், கண்டவர் அவர் மனைவியே என்றும் இருவகையாக ஒரு கதை வழங்குகிறது. கனவு எவருடையதாயினும் காப்புரிமை வாட்ஸின் பெயரில் 1782இல் பதிவாயிற்று. அவர் தம் வீட்டின்மீது கோபுரம் எழுப்பினார். கீழே கிணறுபோல் ஆழத் தோண்டினார். சிறிதளவு ஆர்செனிக் கலந்த ஈயத்தை உருக்கி, உச்சியில் வைத்த சல்லடை வழியே ஊற்றினார். விழும் துளி ஒவ்வொன்றும் பரப்பு இழுவிசையால் உருண்டையாகி, அடியிலிருந்த நீரில் விழுந்து இறுகியது. அதற்கு முன் வேட்டைக்கான ரவைகள் அச்சில் வார்க்கப்பட்டன. அல்லது தகட்டிலிருந்து நறுக்கப்பட்டன. அவை கோணல்மாணலாய் இருந்தன. வாட்ஸின் கோபுரமோ மணிமணியான ரவைகளை மலிவாகப் பொழிந்தது. அவர் ஈட்டிய செல்வம் பின்னர் கட்டட முயற்சியொன்றில் கரைந்து, அவரை நொடிப்புக்கு ஆளாக்கியது என்பது வேறு கதை. அவருடைய முறை மட்டும் கண்டங்களைக் கடந்து பரவிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கியும் மாறியது. வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் முறை மறைந்து, பின்புறம் மடக்கித் தோட்டா இடும் முறை வந்தது. ஒருவன் ஒரு காலையில் சுடக்கூடிய வெடிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. பர்மிங்காம், லண்டன், பெல்ஜியத்தின் லியேஜ் ஆகிய நகரங்களின் கைவினைஞர்கள் வேட்டைத் துப்பாக்கியை ஒரு கலைப்பொருளாகவே வளர்த்தெடுத்தனர். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் ஒன்றாக முறுக்கி, உருளையின்மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி இணைத்த குழலுக்கு 'டமாஸ்கஸ் குழல்' என்று பெயர். அமிலத்தில் நனைத்து எடுத்தால் அலையும் சுருளுமாய் அதன்மேல் கோலம் எழும். அந்தக் கோலம் மேலே பூசிய அணி அன்று. உலோகத்தின் உட்கட்டமைப்பே அங்ஙனம் வெளித்தோன்றுவது. ஆகவேதான் அத்தகைய துப்பாக்கிகள் தந்தையிடமிருந்து மகனுக்கும் அவனிடமிருந்து பேரனுக்கும் சொத்தாக இறங்கின.

ஆனால் ஏரியில் நிகழ்ந்தது வேறு. பிரித்தானிய முறையில் 5ஆம் எண் ரவை ஓர் அவுன்சு எடைக்கு, அதாவது 28 கிராமுக்கு, ஏறத்தாழ 220 மணிகள் கொண்டது. பறவையின் உடலில் தைப்பவை அவற்றுள் மிகச் சில. எஞ்சியவை நீரில் விழும். ஒரு பருவத்தில் நூறு தோட்டா சுடும் ஒருவன் மட்டுமே ஏறத்தாழ 22,000 ரவைகளை ஏரிக்கு அளித்துவிடுகிறான். வாத்துக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கும் சிறு கற்களே அதன் அரைவைப்பையில் தங்கித் தானியத்தை அரைக்கின்றன. கல்லையும் விதையையும் தேடிச் சேற்றைத் துழாவும் அலகுக்கு ஈயரவையும் அவ்வாறே படுகிறது. உள்ளே சென்ற ரவை கற்களோடு தேய்கிறது; வயிற்று அமிலத்தில் கரைகிறது; குருதியில் கலக்கிறது. பறவை மெலிகிறது, சிறகுகள் தொங்குகின்றன, பறக்கவியலாமல் நாணற்புதரில் ஒதுங்கி மடிகிறது. வேடன் குறி தவறியதால் பிழைத்த பறவை, அவன் தவறவிட்ட ரவையாலேயே பின்னொரு நாள் இறக்கிறது என்பதே இதன் கொடுமை.

இக்கேட்டை முதலில் உரத்துச் சொன்னவர்கள் வேட்டைக்குப் பகைவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் முதல் ஆடுபன் சங்கத்தை 1886இல் தோற்றுவித்த ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல், வேட்டைக்காரர் படித்த 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழின் ஆசிரியர். அவ்விதழிலேயே 1894இல் நீர்ப்பறவைகள் ஈய நஞ்சால் மடிவதைப்பற்றி எழுதினார். அலெக்சாண்டர் வெட்மோர் யூட்டா மாநிலத்துச் சதுப்புநிலங்களில் ஆராய்ந்து 1919இல் வெளியிட்ட அறிக்கை, சில ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதுமானவை என்று காட்டிற்று. ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று வரை ஈய நஞ்சால் அழிவதாக மதிப்பிட்டது. கிரின்னெலின் கட்டுரைக்கும் அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்த தடைக்கும் இடையே 97 ஆண்டுகள் கழிந்தன.

அவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? பிடிவாதம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. ஈயத்துக்கு மாற்றாக முதலில் முன்வைக்கப்பட்டது எஃகு ரவை. உண்மையில் அது மென்மையாக்கப்பட்ட இரும்பே. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பின் அடர்த்தி 7.8. எடை குறைந்த ரவை காற்றில் விரைவில் வேகம் இழக்கும். அதனை ஈடுசெய்ய இரண்டு அளவு பெரிய ரவையைக் கொள்ள வேண்டும். சுடும் தொலைவையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் பழைய தொலைவிலேயே சுட்டவர்கள், பறவைகள் காயத்தோடு தப்பிச் செல்வதைக் கண்டு எஃகைப் பழித்தனர்.

பழந்துப்பாக்கி வைத்திருந்தோரின் அச்சம் இதனினும் ஆழமானது, நியாயமானதும்கூட. ஈயம் மென்மையானது, குழலின் குறுகிய வாயை அடையும்போது நசுங்கி வழிவிடும். 1870களில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் போன்றோர் செம்மைப்படுத்திய குறுகுவாய்க் குழல்கள் ஈயத்தின் அம்மென்மையை நம்பியே கடையப்பட்டவை. இரும்போ வழிவிடாது. குழலின் உட்சுவரைக் கீறும். குறுக்கத்தில் முட்டிக் குழல்வாயைப் புடைக்கச் செய்யும். அகப்பையைப் போன்ற தடித்த பிளாஸ்டிக் உறை ரவையைச் சூழ்ந்து குழலைக் காத்தாலும், மெல்லிய சுவருடைய பழங்குழலுக்கு அக்காப்புப் போதாது. பாட்டனின் துப்பாக்கியா, ஏரியின் வாத்தா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு சட்டம் தம்மை நெருக்குவதாகப் பலர் எண்ணினர்.

இதற்கிடையே வேறொரு சான்று வலுப்பெற்றது. அடிபட்டும் நஞ்சுண்டும் தளர்ந்த வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகள் மடிந்தன. அது அமெரிக்க நாட்டின் சின்னம். வழக்கு மன்றம் வரை சென்ற இச்சிக்கலின் முடிவாக, 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவை அந்நாடு முழுவதும் விலக்கப்பட்டது. டென்மார்க் 1996இல் ஈயரவையை அறவே நீக்கியது. இங்கிலாந்து 1999இலும், வேல்ஸ் 2002இலும், ஸ்காட்லாந்து 2005இலும், வட அயர்லாந்து 2009இலும் தத்தமக்கேற்ற விதிகளை வகுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது.

பழந்துப்பாக்கிக்கு விடை, ஈயத்தின் அண்டை உலோகத்திலிருந்து வந்தது. பிஸ்மத் என்னும் உலோகம் தனிம அட்டவணையில் ஈயத்திற்கு அடுத்த இடத்தில் இருப்பது. ஈயத்தைச் சுத்திகரிக்கையில் துணைப்பொருளாகக் கிடைப்பது. ஆயினும் பறவைக்கு நஞ்சாகாதது. அதன் அடர்த்தி 9.8. தனித்து வார்த்தால் எளிதில் நொறுங்கும்; ஆதலால் சிறிது வெள்ளீயம் சேர்க்கப்படுகிறது. கனடாவைச் சேர்ந்த ஜான் பிரவுன் இவ்வகை ரவைக்கு 1990இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்க அரசு முதலில் இடைக்கால ஒப்புதலும் 1997இல் நிலையான ஒப்புதலும் அளித்தது. டங்ஸ்டன் தூளைப் பிளாஸ்டிக்கில் பிணைத்துச் செய்யும் மென்மையான ரவையும் பின்னர் வந்தது. அதன் அடர்த்தி ஈயத்தை நெருங்குவது. இவ்விரண்டின் விலையும் ஈயத்தைவிடப் பலமடங்கு. ஆயினும் முதிய குழலைக் காயப்படுத்தாமல் சுட அவையே வழி என்று ஆயிற்று.

ரவையை மாற்றினால் மட்டும் பழந்துப்பாக்கி பாதுகாப்புப் பெற்றுவிடும் என்பதில்லை. அதன் முதல் ஆபத்து ரவையில் இல்லை, மருந்தில் உள்ளது. டமாஸ்கஸ் குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தில் பிறந்தவை. 1860களில் பிரஷ்யாவின் ஷூல்ட்சே மரத்தை நைட்ரேற்றிச் செய்த மருந்தோடு தொடங்கிய புகையற்ற மருந்துகள், வேறு வகையான அழுத்தத்தை உண்டாக்குவன. இங்கிலாந்தில் குழல்கள் அரசு ஒப்புதல் பெற்ற சோதனை மனைகளில் மிகையழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெறும். லண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமத்தின் பட்டயம் 1637ஆம் ஆண்டினது. பர்மிங்காம் சோதனை மனை 1813இல் தோன்றியது. கருமருந்துக்கு மட்டும் முத்திரை பெற்ற குழலில் புகையற்ற மருந்துத் தோட்டாவை இடலாகாது. முத்திரை பெற்ற பின் துருவாலோ தேய்த்து மெருகிட்டதாலோ குழலின் உட்சுவர் மெலிந்திருந்தால், பழைய முத்திரையும் பொருளற்றதாகிவிடும்.

தோட்டா அமரும் அறையின் நீளமும் கருதத்தக்கது. பழைய பன்னிரண்டு எண் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இக்காலத்து 70 மில்லிமீட்டர்த் தோட்டா அதனுள்ளும் அமர்ந்துவிடும். சுடும்போது விரியும் அதன் மடிந்த வாய்க்கு இடம் போதாமல் அழுத்தம் உயரும். உள்ளே நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது. இதனால்தான் அறிந்தோர், முதலில் துப்பாக்கி வினைஞரிடம் காட்டிச் சுவரின் தடிப்பை அளந்து, முத்திரையைப் படித்து, அறையை அளந்து, அதன்பின்னரே குறைந்த அழுத்தமுடைய பிஸ்மத் தோட்டாவைத் தேர்கின்றனர். அந்த ஆய்வில் தேறாத துப்பாக்கி சுவரில் தொங்குவதே அதற்கும் அதனை ஏந்துவோர்க்கும் நன்று.

மாற்றத்தின் பயன் கண்கூடானது. மிசிசிப்பி வலசைப் பாதையில் மல்லார்டு வாத்துகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஈய நஞ்சால் நேரும் இறப்பு 64 விழுக்காடு குறைந்திருக்கும் என்று கணித்தது. பிரித்தானியாவில் தூண்டில்காரர் பயன்படுத்திய சிறு ஈய எடைகள் 1987இல் விலக்கப்பட்டபின், தேம்ஸ் நதியின் அன்னங்கள் மீண்டும் பெருகின. ஆயினும் சட்டம் எழுதியதோடு கடமை முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் தடை வந்து பத்தாண்டுகளுக்குப் பின், கடைகளில் வாங்கிய வாத்துகளைச் சோதித்தபோது, 70 விழுக்காடு ஈயத்தாலேயே சுடப்பட்டிருந்தமை 2010ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியாயிற்று. விடியற்காலையில் நாணற்புதரிடையே தனித்து நிற்பவனைக் காண்பார் இல்லை. அவன் எந்தத் தோட்டாவை எடுக்கிறான் என்பது அவன் மனச்சான்று மட்டுமே அறிந்தது. ரெட்கிளிஃப் ஆலயத்தில் மணம்கொண்ட கோல்ரிட்ஜ், மூன்றாண்டுகள் கழித்து வெளியிட்ட 'முதிய மாலுமியின் பாட்டு' ஒரு பறவையைக் கொன்றவனின் மனச்சான்றைப் பற்றியதே என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

வாட்ஸின் கோபுரம் சாலையை அகலப்படுத்துவதற்காக 1968இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாக அந்நகரிலேயே கான்கிரீட்டில் புதியதொரு கோபுரம் எழுந்தது. அதுவும் பின்னர் ஈயம் உருக்குவதை நிறுத்திற்று, ஆனால் இடிக்கப்படவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, அலுவலகமாக மாறி, நீர்க்கரையில் நிற்கிறது. வடிவம் போற்றப்பட்டது, நஞ்சு நீக்கப்பட்டது. பாட்டன் விட்டுச்சென்ற டமாஸ்கஸ் குழலைத் துடைத்து, அதற்குரிய பிஸ்மத் தோட்டாவை இடுபவன் செய்வதும் அதுவே.