செய்யுளில் சடங்கும் நம் முன்னோர் கைப் பறையும்

பிறப்பு, பூப்பு, மணம், இறப்பு என வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் மக்கள் கூடி ஒரு சடங்கை நிகழ்த்துகின்றனர். சடங்கு நிகழ்ந்த இடத்தில் பாட்டும் பிறந்தது. ஆதலால் ஓர் இனத்தின் சடங்குகளை அறிய விரும்புவோர்க்கு அவ்வினத்தின் செய்யுள்களைவிடச் சிறந்த சான்று வேறில்லை. நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நேரத்தில், அச்சான்றை நாம் நமக்காகவே ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

இதற்கொரு காரணமும் உண்டு. "பறையைத் தொடாதே, அது நம்மைத் தாழ்த்திய கருவி" என்பர் நம் பெரியவர்கள் சிலர். "பறையே நம் பெருமை" என்பர் இளைஞர் சிலர். இருவர் கூற்றிலும் உண்மை உளது. அதனை வேறுபடுத்திக் காட்ட வரலாறு வேண்டும்.

முதற்கண் மணச்சடங்கை நோக்குவோம். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் கண்முன் நிறுத்துகிறார். உழுந்து கலந்து சமைத்த உணவு குவிந்திருக்கிறது. பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் முதுபெண்டிர் குடங்களைச் சுமந்து வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டில் இறைச்சியோடு சமைத்த சோற்றால் விருந்து நடக்கிறது, மணமுழவு ஒலிக்கிறது. இவ்விரு பாட்டிலும் வேள்வித்தீ இல்லை. மந்திரம் ஓதுவோரும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கோவலன், கண்ணகி திருமணத்திலோ பார்ப்பான் மறைவழி காட்ட, மணமக்கள் தீயை வலம் வருகின்றனர். சடங்கு காலத்தால் மாறுவது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? மாறியதை மக்கள் மீண்டும் மாற்றவும் இயலும். புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்கி, அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டதை இளைஞர் நினைவிற் கொள்க.

இனிப் பறையைப் பற்றிக் காண்போம். தொல்காப்பியம் நிலத்திற்குரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, மரம் முதலியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரர் பிரித்துரைப்பர். பறை இல்லாத நிலம் தமிழர் அறியாதது. நாலடியார் மணப்பறையே பிணப்பறையாக மாறுவதைக் கூறி நிலையாமையை உணர்த்துகிறது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு உலகின் இயல்பை எண்ணுகிறார். பறை அக்காலத்தில் சாவுக்கு மட்டும் உரியதன்று என்பது இவற்றால் விளங்கும்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு நாம் நெஞ்சிற் பதிக்க வேண்டிய ஒன்று. மாங்குடி கிழார் ஒரு வன்புலச் சிற்றூரைப் பாடுகிறார். வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கே அங்கு உணவு. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரே அங்குக் குடிகள். பகைவர்முன் நின்று யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்த வீரனின் நடுகல்லையன்றி, நெல் தூவி வழிபடும் கடவுளும் அங்கு வேறில்லை. சிற்றூரின் குடிகளை எண்ணத் தொடங்கிய புலவர்க்குப் பறையன் என்னும் பெயர் இழிவாகத் தோன்றவில்லை. பாணனுக்கு நிகராகவே தோன்றிற்று.

இந்நடுகல் வழிபாடு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. நம் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என அறிஞர் கூறும் அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரை கவரும் போரில் மடிந்தவனை நினைவுகூர்கிறது. அப்பெயர் தாங்கிய ஊர் ஒன்று நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் உளது; ராயப்பன்பட்டியிலிருந்து அது நெடுந்தொலைவன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துள்ளது. செய்யுளும் கல்லும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கின்றன.

எனினும், பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று மயங்குதல் கூடாது. அதே புறநானூற்றின் 287ஆம் பாட்டில், துடி கொட்டுவோனைப் புலையன் என்றும், குறுந்தடி ஏந்தியவனை இழிசினன் என்றும் சாத்தந்தையார் விளிக்கிறார். 360ஆம் பாட்டில் இறந்தோர்க்குப் புல்லின்மேல் உணவு படைக்கும் சடங்கு புலையன் ஏவ நடைபெறுகிறது. சடங்கை நடத்தும் அறிவு அவனிடம் இருந்தது. பெயரில் மட்டும் இழிவு ஏறிவிட்டது. 259ஆம் பாட்டிலோ முருகன் மெய்ப்பட்டு ஆடும் பெண் ஒரு புலைத்தி. தெய்வம் அவள்மேல் வந்து இறங்கத் தயங்கவில்லை!

சாத்தந்தையாரின் மற்றொரு பாட்டு, புறம் 82, உள்ளத்தை உருக்குவது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் ஓர் எளியவனின் கையூசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவாக நிகழ்ந்ததாம் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர். மன்னனுக்குப் பெயர் உண்டு. கட்டில் பின்னியவனுக்கு இழிசினன் என்னும் சொல்லே உண்டு. ஆயினும் அவனுக்கும் விழா உண்டு, வீடு உண்டு, வேதனை உண்டு என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லாமற் சொல்லிவிட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாறு இதன் தொடர்ச்சியே ஆகும். கோயிற் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் தந்தவர் ஆதனூர் நந்தனார். அவர் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. அவரோ வெளியே நின்றார். தில்லைக்குள் புக அவர் தீக்குளிக்க வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் கக்கன் முதலியோர் வைத்தியநாத ஐயருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தபோதுதான், தீயின்றி நுழையும் வழி அங்குத் திறந்தது.

இப்பாட்டுகளை நம்மவர் கண்கொண்டு படிக்கலாம் என்று வழிகாட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழில், தீபாவளி, கார்த்திகை முதலிய விழாக்களுக்குப் பௌத்த வழிப்பட்ட விளக்கம் தந்தார். அவர் முடிவுகள் அனைத்தையும் ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆயினும் சடங்கின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைக்காமல், நூலைத் திறந்து தாமே ஆராய்ந்தாரே, அத்துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவைத் தருவது கல்வியேயன்றி வேறில்லை.

ஆகவே, பெரியவர்களும் இளைஞர்களும் சொல்லும் இரு கூற்றுக்கும் விடை இதுவே: பறை இழிந்ததன்று, கட்டாயமே இழிந்தது. பிறர் வீட்டு வாயிலில், மறுக்கும் உரிமையின்றி, அடிமை ஊழியமாகப் பறை கொட்டமாட்டோம் என்று கோலைக் கீழே வைத்த நம் பெரியவர்கள் மானத்தைக் காத்தனர். அவர்களைப் பழித்தல் தகாது. தம் விருப்பத்தால், மேடையேறி, கலையாக அதனை முழக்கும் இளைஞர் மரபைக் காக்கின்றனர். அவர்களைத் தடுத்தலும் தகாது. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கொட்டச் சொல்லி ஏவிய நாடே எழுந்து நின்று கேட்கும் காலமும் வந்தது என்பதற்கு அது சான்று.

இளைஞர்களே! நம் மூதாதையர் சடங்கை நடத்தினர்; புலவர்கள் அதைப் பாடினர்; 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து ஓலையிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். எஞ்சிய பணி ஒன்றே. அதனை நாம் படிக்க வேண்டும். நம் தெருவில் இன்றும் ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த தாய்மார் உளர். அவர் பாடக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். எவர் பாடினார் என்பதையும் மறவாது எழுதுங்கள். கட்டில் பின்னியவனின் பெயரைப் பழம்பாட்டு எழுதாமல் விட்டது. இனி நம்மவர் பெயர் விடுபடுமாயின், அக்குற்றம் நம்முடையதே ஆகும்.