நகம் அடிக்கடி உடையுதா? சரியாக 6 மாசம் ஆகும்.. ஏன் தெரியுமா?

பாத்திரம் தேய்க்கும்போது நகம் படக்குனு உடைஞ்சு போகுதா? உடைந்த நகத்தை எந்த க்ரீமாலும் ஒட்ட வைக்க முடியாது. காரணம், வெளியே தெரியும் நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற தகடு. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள வேரில்தான். அங்கிருந்து கை நகம் மாதத்துக்கு சுமார் 3 மி.மீ. வளரும். முழுசா புது நகம் வர 6 மாதம் வரை ஆகலாம்.

அதுவரை என்ன செய்யலாம்?

* நகம் அடிக்கடி நனைந்து காய்ந்தால் அடுக்கடுக்காகப் பிரியும். பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்க.
* கை கழுவியதும் ஈரத்தைத் துடைத்து, நகத்திலும் அதைச் சுற்றியும் தேங்காய் எண்ணெய் தடவுங்க.
* அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைக் குறைங்க. ஜெல் பாலிஷை சுரண்டி எடுக்காதீங்க.
* நகம் கடிக்கும் பழக்கத்தை விடுங்க.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தாலே கால்சியம் குறைவுன்னு நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது லேசாக அடிபட்டதன் அடையாளம்தான்.

ஆனால், நகம் ஸ்பூன் மாதிரி குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லணும். அது தைராய்டு உள்ளிட்ட சில டெஸ்ட் முடிவுகளை மாற்றிக் காட்டும்.

ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கருங்கோடு தெரிந்தால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்க. அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.