உமியும் உலக்கையும்

சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினால், எந்த அரசன் எந்தப் போரில் வென்றான், எந்தப் போரில் மாண்டான் என்பதெல்லாம் தெரிகிறது. அவனுடைய படைவீரனின் மனைவி அன்றைக்கு அடுப்பில் என்ன ஏற்றினாள் என்பது மட்டும் தெரிவதில்லை. கோயில் நைவேத்தியத்துக்கு இத்தனை நாழி அரிசி, இத்தனை ஆழாக்கு நெய் என்று அளந்து எழுதி வைத்த நம் கல்வெட்டுக்களும், வீட்டு அடுப்பைப் பற்றிப் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ஆனால், ஒரு நிலத்தில் எந்தப் பயிர் வாழும், எது மறையும் என்பதை அரசனைவிட அடுக்களைதான் அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது. இதற்குச் சாட்சி தேடிச் சேலத்துக்கு அருகிலுள்ள சேர்வராயன் மலைக்குப் போகலாம்.

கடல் மட்டத்துக்கு 5,300 அடிக்கு மேலே, மலையின் உச்சியில் பரந்த புல்வெளி. அங்கே ஒரு சிறு குகைதான் சேர்வராயன் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனோடு காவேரி அம்மனும் அங்கே குடியிருக்கிறாள். ஆண்டுதோறும் மே மாதத்துத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலைக்கிராமங்களெல்லாம் திரண்டு வந்துவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தாரென்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆளுகிற தமிழ் பேசும் மக்கள் இவர்கள். காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவன் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலை, பச்சைமலைகளிலும் குடியேறினார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதைகளில் ஒன்று.

ஏற்காட்டின் சரித்திரம் என்றால் எல்லோரும் காப்பியைத்தான் சொல்லுவார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பேரி முதலிய பழமரங்களையும் வைத்தார். அது உண்மையே. ஆனால், காப்பி கப்பலேறுகிற பயிர். மலையாளியின் அடுப்பில் ஏறியவை சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை.

இந்தத் தானியங்களுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. கெடாமல் கிடக்கும். சாமையின்மேல் இறுகப் பிடித்திருக்கும் உமி, பூச்சிக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடம் கொடாத கவசம். நன்றாகக் காய வைத்துச் சேர்த்துவிட்டால் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லிமலையில் இதற்கென்றே தொம்பை கட்டுவார்கள். தரையின் ஈரம் ஏறாதபடி கல்லின்மேல் தூக்கி நிறுத்தி, மண் பூசி, மேலே கூரை வேய்ந்த களஞ்சியம் அது. சமவெளியில் குதிர் செய்த வேலையை மலையில் தொம்பை செய்தது. துவரை, அவரை விதைகளுக்குச் செம்மண் குழம்பு பூசிக் காய வைப்பது நம் கிராமத்துப் பெண்களின் இன்னொரு தந்திரம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அப்படிப்பட்ட சீமையில், கெடாத தானியம் என்றால் உயிர் என்றுதான் பொருள்.

காத்த உமிதான் வதைக்கவும் செய்தது. கேழ்வரகைத் திரிகையில் இட்டு அரைத்தால் மாவு. மாவைக் கிளறினால் களி. சாமை அப்படி வசப்படாது. வெயிலில் காய வைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தால்தான் அரிசி கண்ணில் படும். வீட்டில் பத்துப் பேர் உண்ண வேண்டுமானால் அந்தப் பெண்ணின் தோள்கள் என்ன பாடுபடும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பட்டணத்துப் பெண்களின் தோள் வலியைப் போக்க இயந்திரம் சீக்கிரம் வந்துவிட்டது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார் என்பார்கள். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் கிடைத்தது. இட்லி மாவு தானாக அரைபட்டது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடு என்ற கௌரவமும் வந்தது. மலையில் சாமை குத்தியவளுக்கோ உலக்கையே துணையாக நின்றது.

இதற்கிடையே அரிசி மலையேறிற்று. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைத்தது. ஒரு பக்கம் குத்த வேண்டாத, புடைக்க வேண்டாத, காசும் வேண்டாத அரிசி. மறு பக்கம் உரலும் உலக்கையும். எந்தத் தாய் எதை எடுப்பாள்? "இந்தக் காலத்துப் பெண்கள் சோம்பேறிகளாகிப் பழைய உணவை விட்டுவிட்டார்கள்" என்று திண்ணையில் சாய்ந்துகொண்டு குறை சொல்லும் பெரியவர்கள், ஒரு படிச் சாமையைக் குத்திவிட்டுப் பேசினால் நன்றாயிருக்கும்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் கொல்லிமலையில் சிறுதானியத்தைக் காக்க முயன்றபோது, நல்ல விதை மட்டும் போதாது, குத்துகிற பாடு தீர வேண்டும் என்பதைக் கண்டுகொண்டார்கள். பெண்கள் குழுக்களிடம் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஒரு காலத்தில் ஏழையின் சோறு என்று இகழப்பட்ட சாமை, இப்போது பளபளக்கும் பைகளில் பட்டணத்துக் கடைகளில் வீற்றிருக்கிறது.

வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உமி போனால் கவசமும் போயிற்று. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. உமியை நீக்கிய சாமையை மாதக் கணக்கில் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். அவ்வப்போது கொஞ்சமாக வாங்கிச் சமைப்பதே நல்லது. தானியத்தை உமியோடு சேர்த்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே குத்திய அந்த மலைப்பெண், இதை யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுடைய அறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவள் பட்ட பாட்டை மட்டும் இனி எந்தப் பெண்ணின் தலையிலும் கட்ட வேண்டாம்.