கூட இருக்கறவங்க யாரு?

மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையைப் படித்தவர்களுக்கு அதன் கடைசிக் காட்சி மறக்காது. அதற்கு முன்னால் வரும் ஒரு சின்ன விஷயத்தை நாம் தாண்டிப் போயிருப்போம். லாகூர் மனநல விடுதியில் பல வருடங்களாக அடைபட்டிருக்கும் பிஷன் சிங்குக்குத் தேதி, கிழமை எதுவும் தெரியாது. ஆனால் மாதம் ஒருமுறை வீட்டிலிருந்து பார்க்க வரும் நாள் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். அன்றைக்கு நன்றாகக் குளிப்பார், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவுவார், நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள்வார். பிரிவினை வந்ததும் அந்த வருகை நின்றுபோகிறது.

கதை வெளிவந்தது 1955ல். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1950ல், இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளை நிஜமாகவே பரிமாறிக்கொண்டன. லாகூரிலிருந்து வந்த இந்து, சீக்கிய நோயாளிகளில் பலர் போய்ச் சேர்ந்தது அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்கு. அதே மருத்துவமனையில் அந்தப் பத்தாண்டுக்குள் நடந்த இன்னொரு விஷயம் எந்தக் கதையிலும் வரவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பிஷன் சிங்கின் குடும்பத்துக்கு அந்த விடுதியில் என்ன இடம்? வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து மனநல விடுதிகள் அப்படித்தான் கட்டப்பட்டன. பெரிய மதில், உள்ளே நோயாளி, வெளியே உறவு. மனநல விடுதிகளுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை இது. 1940களின் கடைசியில்கூட லண்டனின் சில பெரிய மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டுக்குள் பெற்றோர் நுழைய வாரத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் அனுமதி. குழந்தை தூங்கும்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று விதி வைத்த இடமும் உண்டு. அம்மாவைப் பார்த்தால் குழந்தை அழும், வார்டு கலையும், தொற்று வரும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952ல் ஒரு படம் எடுத்துக் காட்டினார். சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தை, படிப்படியாகத் தன் அம்மாவிடமிருந்தே ஒதுங்கிப் போகிற படம். மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் 1959ல் வந்த பிளாட் குழு அறிக்கைதான், பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கவும் வழி செய்யுங்கள் என்று பிரிட்டனில் பரிந்துரைத்தது.

கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் கூடாரம் அடித்தார்.

அவர் அந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். நோயாளிகள் மிக அதிகம், இடமும் ஆட்களும் மிகக் குறைவு. சேர்க்க வந்த குடும்பத்தை “விட்டுட்டுப் போங்க” என்று அவர் திருப்பி அனுப்பவில்லை, நோயாளியோடு தங்கச் சொன்னார். வார்டில் இடமில்லாததால் வளாகத்திலேயே கூடாரங்கள் போடப்பட்டன. நோயாளியும் வீட்டாரும் அதில் ஒன்றாக இருந்தார்கள்.

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வித்யா சாகர் குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். இது பேயோ பாவமோ இல்லை, நோய். இப்படிக் கவனிக்கணும், வீட்டுக்குப் போனபிறகு இப்படி நடந்துக்கணும் என்று சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக் கூடாரத்தில் இன்னொரு குடும்பம் இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருப்பதையும் அவர்கள் பார்த்தார்கள். தன் கண்முன்னே ஒருவர் தேறி வருவதைப் பார்த்த குடும்பம் அவரைத் திரும்பக் கூட்டிப்போகத் தயங்கவில்லை. மதிலுக்குள் விட்டுவிட்டுப் போன குடும்பங்களோ காலப்போக்கில் வருவதையே நிறுத்திவிடுவதுண்டு. இதையெல்லாம் வித்யா சாகர் அதிகம் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த மனநல மருத்துவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

அடுத்த இடம் நமக்குப் பக்கம். 1957ல் வேலூர் சி.எம்.சி., பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. அங்கே உறவினர் ஒருவராவது நோயாளியோடு தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே வைக்கப்பட்டது. 1960களில் அங்கிருந்த மருத்துவர்கள் இந்த முறையைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதினார்கள். மேற்கு நாடுகள் குடும்பத்தை வெளியே நிறுத்திப் பழகியிருந்தபோது, குடும்பம் உள்ளே இருப்பது இங்கே ஒரு மருத்துவ முறையாகவே பேசப்பட்டது.

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் எப்பவுமே வீட்டு ஆள் கூட இருக்கத்தானே செய்றாங்க, இதில் என்ன புதுசு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

எந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் வார்டு வாசலிலும் காதில் விழும் குரல் இது: “பேஷண்ட் கூட இருக்கறவங்க யாரு?” ரத்தப் பரிசோதனைக்கு ட்யூபை எடுத்துக்கொண்டு லேப்புக்கு ஓடணும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரோடு போகணும். கஞ்சி ஊட்டணும், பெட்பேன் வைக்கணும், ட்ரிப்ஸ் தீரும்போது நர்ஸைக் கூப்பிடணும். ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய், இல்லையென்றால் வராந்தா. இந்த ஆளுக்குப் பெயர் ‘அட்டெண்டர்’. கேஸ் ஷீட்டில் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எழுத ஓர் இடம் கிடையாது. பெரும்பாலும் அது அம்மா, மனைவி, மகள், மருமகள். தினக்கூலியை விட்டுவிட்டு வந்தவராகவும் இருப்பார்.

அமிர்தசரஸ் குடும்பத்துக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இவருடைய உழைப்பு இல்லாமல் வார்டு ஓடாது. ஆனால் ஓர் இடமும், நடப்பது என்னவென்று சொல்லிக்கொடுக்கிற ஒரு வாயும், பேச்சுத்துணைக்கு இன்னொரு குடும்பமும் அந்தக் கூடாரத்தில் கிடைத்தன. அந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அங்கே குடும்பம் சிகிச்சையில் பங்காளி ஆனது. வராந்தாவில் படுத்திருப்பவருக்கு அந்த மூன்றுமே அவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் ‘உழைச்செல்வான்’, பக்கத்திலிருந்து கவனிப்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, கவனிப்பவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அன்பு அதில் ஒன்று, கவனிக்கும் முறை தெரிந்திருப்பது இன்னொன்று. அன்பை நம் குடும்பங்கள் கொண்டுவந்துவிடுகின்றன. முறையைச் சொல்லிக்கொடுக்கிற வேலை யாருடையது?

2013ல் தொடங்கிய அம்மா உணவகம் சில அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் வந்தபோது, ஒரு ரூபாய் இட்லி கூட இருப்பவரின் பசியை முதல்முறையாகக் கணக்கில் எடுத்தது போல இருந்தது. 2020ல் கொரோனா வார்டுக்குள் உறவினர் போகக்கூடாது என்றானபோது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பதிலிருந்து தகவல் சொல்வது வரை இத்தனை நாள் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வார்டுகள் திறந்ததும் அது மறந்தும்போனது.

செய்யவேண்டியது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. படுக்க ஓர் இடம், பூட்டுப் போட்ட ஒரு கழிப்பறை, தினமும் கால் மணி நேரம் உட்காரவைத்து விளக்கிச் சொல்ல ஒருவர், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு நர்ஸ், இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை மாற்றி உட்கார வீட்டிலிருந்து இன்னோர் ஆள். கடைசியில் சொன்னதற்கு அரசாணை தேவையில்லை. உங்கள் நண்பரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால், ஆப்பிள் வாங்கிப் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வராதீர்கள். “நீ போய்க் குளிச்சுட்டுக் கொஞ்சம் தூங்கிட்டு வா, நான் இருக்கேன்” என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்காருங்கள்.