மேசைக் கணினியின் மின்வழங்கி, வரைகலை அட்டைப் பழுதுகள்: பொன்னேரி, பழவேற்காடு பகுதியை முன்வைத்து

மேசைக் கணினியில் அடிக்கடி குழப்பம் தரும் பழுதுகள் இரண்டு. ஒன்று, வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்துபோவது. மற்றொன்று, விசிறி சுற்றியும் திரையில் படம் வராமல் இருப்பது. முதலாவதற்கு மின்வழங்கியையும் இரண்டாவதற்கு வரைகலை அட்டையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் ஒன்றின் நோய் மற்றொன்றின் அறிகுறியாக வெளிப்படுகிறது. கடைவழக்கில் மின்வழங்கி எஸ்.எம்.பி.எஸ். என்றும், வரைகலை அட்டை கிராபிக்ஸ் கார்டு என்றும் அழைக்கப்படுகின்றன.

63.5 வாட்டிலிருந்து

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறனுடையது. 1983இல் வந்த எக்ஸ்.டி. கணினியில் அது 130 வாட் ஆனது. அக்காலத்தில் வரைகலை அட்டை எழுத்துகளையும் எளிய படங்களையும் திரைக்கு அனுப்பும் சிறு உறுப்பாகவே இருந்தது. அதற்கெனத் தனி மின்கம்பி தேவைப்படவில்லை.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். வரையறையை வெளியிட்டது. தாய்ப்பலகையே மின்வழங்கியை இயக்கவும் நிறுத்தவும் வழி பிறந்தது இதில்தான். பச்சைக் கம்பி இயக்க ஆணையையும், சாம்பல் நிறக் கம்பி 'மின்சாரம் சீராக உள்ளது' என்ற குறிப்பையும் கொண்டுசெல்கின்றன. ஊதாக் கம்பியில், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்.

1999இல் என்விடியாவின் ஜீபோர்ஸ் 256 வந்த பிறகு வரைகலை அட்டை தானே ஒரு கணிப்பொறியாக வளர்ந்தது. 2004 முதல் பரவிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட் வரை தரும். அதற்கு மேல் வேண்டுமானால் 6 முள் இணைப்பு 75 வாட்டும், 8 முள் இணைப்பு 150 வாட்டும் தரும். 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைக்கு மட்டும் 450 வாட் வேண்டும். முதல் ஐ.பி.எம். கணினிகள் ஏழைச் சேர்த்தாலும் அந்த அளவுக்கு மின்சாரம் தர இயலாது.

மின்சாரம் பிறக்கும் வட்டம்

பொன்னேரி வட்டம் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தரும் பகுதி. அத்திப்பட்டுப் பகுதியில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கின. என்.டி.பி.சி.யும் தமிழக மின்வாரியமும் இணைந்து அமைத்த வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட் திறனுடையது. அதன் முதல் அலகு 2012இல் இயங்கத் தொடங்கியது. அதே 2012இல்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தைத் தொட்டது. சென்னை மாநகருக்குள் வெட்டு 2 மணி நேரமாக இருந்தபோது, மாநகருக்கு வெளியே பல மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தையும் தாண்டியது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்று உப்பங்கழியில் கலப்பதை எதிர்த்து மீனவர்கள் குரல் கொடுத்துவந்தனர். சாம்பல் தங்கிவிட, மின்சாரம் வேறு ஊர்களுக்குப் போனது.

மின்வெட்டுக் காலம் கணினிப் பழுதின் தன்மையையே மாற்றியது. மின்சாரம் போவதை விட அது திரும்பும் நொடியே கணினிக்கு ஆபத்தானது. பல வீடுகளின் கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குவதால் அழுத்தம் ஏறி இறங்கும். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் ஒரு வீட்டுக்கு வரக்கூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. இத்தகைய நாள்களுக்குப் பின் மின்சாரம் வந்தவுடன் கணினியை இயக்காமல் சில நிமிடங்கள் பொறுத்திருப்பது நல்லது.

ஏ.டி.எக்ஸ். மின்வழங்கி, மின்சாரம் நின்ற பின் ஏறத்தாழ 16 மில்லி நொடிகளே தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கணினி அணைந்து மீண்டும் தொடங்கும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யு.பி.எஸ்.' நிலைக்கு மாற்றும் விசை உண்டு. அதைத் தள்ளிவைத்தாலே தீரும் சிக்கலுக்காகப் புது மின்வழங்கி வாங்கியவர்கள் பலர்.

உப்புக் காற்று

பொன்னேரிக்கு வடகிழக்கே உள்ள பழவேற்காடு ஏரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613இல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய இடம் இது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குப்பங்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கணினியின் விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுத்துச் சுற்றுப்பலகைகள் மீது படியவைக்கும். ஈரத்தை ஈர்க்கும் உப்புத்தூசி மெல்லிய மின்கடத்தியாக மாறும். வரைகலை அட்டையின் விளிம்பிலுள்ள பொற்பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படும். படம் வராததற்கு இங்கே இதுவும் ஒரு காரணம். அட்டையைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் முனைகளை மெல்லத் துடைத்து, துகளை அகற்றிவிட்டு மீண்டும் பொருத்தினால் பல நேரங்களில் படம் வந்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உணரப்படுவதும் உண்டு. மின்வழங்கியின் வடிகட்டி, வீட்டில் எர்த் இணைப்பு இருப்பதாகக் கருதியே அமைக்கப்பட்டது. எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் தென்படும். இதற்கு மருந்து புது மின்வழங்கி அன்று. சரியான எர்த் குழிதான்.

கண்டறியும் வரிசை

பழுதைக் கண்டறிவதில் செலவில்லாத சோதனை முதலில் வரவேண்டும்.

1. சுவர்ச் செருகி, மின்கம்பி, திரையின் கம்பி ஆகியவற்றைப் பார்க்கவும். தாய்ப்பலகையில் படத்துக்கான வாய் இருந்தால், வரைகலை அட்டையைக் கழற்றிவிட்டுத் திரையை அதில் இணைக்கவும். படம் வந்தால், பழுது அட்டையிலோ அதன் மின்னிணைப்பிலோ உள்ளது.

2. நினைவகத்தையும் அட்டையையும் கழற்றித் துடைத்துப் பொருத்தவும். பல பழைய கணினிகளில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் கேட்டால் வரைகலைப் பிழை என்று பொருள்.

3. சாதாரண வேலையில் நன்றாக இருந்து, விளையாட்டிலோ காணொளித் தொகுப்பிலோ மட்டும் கணினி அணைந்தால் முதல் ஐயம் மின்வழங்கி மீது விழவேண்டும். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சுமையின்போது அதற்கும் கீழே இறங்கினால் மின்வழங்கி தளர்ந்துவிட்டது.

4. திரையில் கோடுகள், கட்டங்கள், நிறச் சிதறல் தோன்றினால் அட்டையின் நினைவகமோ பற்றவைப்போ பழுதாகியிருக்கலாம்.

5. தாய்ப்பலகையில் மேற்புறம் உப்பிய மின்தேக்கிகள் உள்ளனவா என்று பார்க்கவும். 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் தரங்குறைந்த மின்தேக்கிகள் பரவி இலட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்தன.

மின்வழங்கியின் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக்கூடாது. உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கும்.

முடிவு

பொன்னேரியிலிருந்து புறநகர் ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்கித் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். தவறான பாகத்தை வாங்கிவந்தால் இரண்டாம் நாளும் போகும். கிராபிக்ஸ் கார்டின் விலையோ பல மின்வழங்கிகளின் விலைக்குச் சமம். ஆகவே பழுதை வரிசையாகச் சோதித்து அறிவது, கணினி ஒன்றை மட்டுமே நம்பிப் படிக்கும் வீட்டுக்குச் சேமிப்பு. நாற்பது ஆண்டுகளில் கணினியின் மின்பசி பல மடங்கு பெருகிவிட்டது. அதற்கு ஈடாக வீட்டின் எர்த்தும் கம்பியும் சீரானால், கணினிப் பழுதுகளில் பல வராமலே போகும்.